பாமாயிலுக்கு எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலைக் கருவி) மென்பொருள் "98 விழுக்காடு பொருத்தம்" என்கிறது. கொழுப்பமிலம் எவ்வளவு என்று அதை வைத்தே சொல்லலாமா?

சொல்ல முடியாது. அந்த 98 சுத்தத்தின் அளவே இல்லை. உங்கள் நிறமாலையின் வடிவம் மென்பொருளில் உள்ள பாமாயில் நிறமாலையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. கட்டற்ற கொழுப்பமிலம் (எண்ணெய் சிதைந்து பிரிந்த அமிலம்) 3 விழுக்காடு இருந்தாலும் 7 இருந்தாலும் அந்த எண் பெரிதாக அசையாது. சிகரங்களில் பெரும்பகுதி எண்ணெயின் முதன்மைப் பொருளான டிரைகிளிசரைடுடையது.

பார்க்க வேண்டிய இடம் 1710 செ.மீ⁻¹. டிரைகிளிசரைடின் எஸ்டர் சிகரம் 1744-இல் உயர்ந்து நிற்கும், அமிலம் அதன் தோளில் சிறு புடைப்பாகத் தெரியும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதால் உயரத்தை அளந்தால் தவறிப்போகும். அதற்குத்தான் பிஎல்எஸ் கணக்கு: அளவு தெரிந்த மாதிரிகளின் நிறமாலைகளைக் கொண்டு அமில அளவைக் கணிக்கும் மாடலை உருவாக்கும் புள்ளியியல் முறை.

அந்தக் கணக்குக்கு 40 மாதிரியாவது வேண்டும். ஒவ்வொன்றையும் டைட்ரேஷன் (காரம் சேர்த்து அமிலத்தை அளக்கும் முறை) செய்து அமில விழுக்காட்டைக் கொடுங்கள்: 25.6 × சோடியம் ஹைட்ராக்சைடின் நார்மாலிட்டி × செலவான மில்லிலிட்டர் ÷ எண்ணெயின் கிராம். 5 கிராமுக்கு 0.1 நார்மல் கரைசல் 7.8 மில்லி போனால் ஏறக்குறைய 4 விழுக்காடு. எண்ணெயைக் கரைக்கும் ஐசோபுரோப்பனாலை முன்பே நடுநிலையாக்காவிட்டால் அதன் அமிலமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

நல்ல நாள் எண்ணெயை மட்டும் பொறுக்காதீர்கள். மலேசியாவின் குளுவாங் பக்கம் தீபாவளி, ஹரிராயா விடுமுறையில் ஆலையின் ரேம்பில் (குலைகளைக் கொட்டும் மேடை) கிடந்து அடிபட்ட குலையில் லிப்பேஸ் என்ற நொதி வேலை செய்து அமிலம் ஏறியிருக்கும். அந்த எண்ணெயும் மாடலுக்குள் வேண்டும். 2 முதல் 5 வரை மட்டுமே பார்த்த மாடல், 8 விழுக்காடு எண்ணெய்க்குத் தருவது வெறும் ஊகம்.

மாதிரியை 60 - 70 பாகைக்குச் சூடாக்கி நன்றாகக் குலுக்குங்கள், எளிதில் உறையும் பகுதியான ஸ்டியரின் அடியில் தங்கக் கூடாது. ஏடிஆர் (எண்ணெயைப் படிகத்தின்மேல் வைத்து அளக்கும் துணைக்கருவி) படிகம் குளிர்ந்திருந்தால் எண்ணெய் அதன்மேலேயே உறைந்து நிறமாலை மாறும், ஆகவே சூடாக்கும் ஏடிஆர்தான் சரி. தெளிவுத்திறன் 4 செ.மீ⁻¹, ஸ்கேன் 32 போதும். ஹெக்சேன், பிறகு ஐசோபுரோப்பனால் கொண்டு படிகத்தைத் துடைத்து, 2920-உம் 1744-உம் ஆகிய எண்ணெயின் சிகரங்கள் மறைந்ததைப் பார்த்த பிறகே அடுத்த மாதிரியை வையுங்கள்.

மாடலுக்கு 12 காரணி (கணக்கு நிறமாலையிலிருந்து பிரித்தெடுக்கும் கூறுகள்) கொடுத்தால் வரைபடம் அழகாக இருக்கும், ஆனால் இரைச்சலையும் சேர்த்து மனப்பாடம் செய்திருக்கும். காரணியைக் கூட்டும்போது குறுக்குச் சரிபார்ப்புப் பிழை (சில மாதிரிகளை மாறிமாறி விட்டு அவற்றைக் கணிக்கும்போது வரும் பிழை) குறைவது நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள். வேறு நாள்களின் 10 மாதிரிகளை மாடலுக்குக் காட்டாமல் ஒதுக்கிச் சோதியுங்கள்.

டோபி (எண்ணெயை வெளுக்கும் தன்மை எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கான குறியீடு) வேண்டுமென்றால் இந்தக் கருவி உதவாது. எண்ணெயை ஹெக்சேனில் கரைத்து யூவி-விசிபிள் கருவியில் 446, 269 நா.மீ. இரண்டிலும் ஒளி உறிஞ்சலைப் படித்து, முதல் உறிஞ்சலை இரண்டாவதால் வகுக்க வேண்டும்.