சளி மாதிரி ஏன் திரும்பி வந்தது?

கேள்வி: 70 வயது அப்பாவுக்கு இருமல், மூச்சிரைப்பு. எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்தது. சளியைக் கொடுத்தால், ‘மாதிரி தகுதியற்றது’ என்று லேபில் திருப்பிவிட்டார்கள். மறுபடியும் கொடுக்க வேண்டுமா?
– வாசகி, தேனி

பதில்: கட்டாயம் கொடுங்கள். எக்ஸ்ரே நிழலை வைத்து எந்தக் கிருமி என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் அப்பா கொடுத்தது பெரும்பாலும் எச்சிலாக இருந்திருக்கும். நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில், ஒரு பார்வைப் புலத்தில் வாய்த்தோல் செல்கள் 10-க்குக் கீழும் வெள்ளணுக்கள் 25-க்கு மேலும் இருந்தால்தான் அது நெஞ்சுச் சளி. எச்சிலைக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்தால் வாயில் வாழும் கிருமிதான் வளரும். தவறான மருந்துக்கு அது வழிகாட்டிவிடும்.

காலையில் பல்செட்டைக் கழற்றி, வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து இருமச் சொல்லுங்கள். 2 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்விட வேண்டும். ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸுக்கு முன் எடுப்பதே சிறந்தது; ஆனால் நோய் கடுமையாக இருந்தால் சளிக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. இருமல் 2 வாரம் தாண்டியிருந்தால் காசநோய்ப் பரிசோதனையும் கேளுங்கள்.

முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் நிமோனியா வரும். நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு, திடீர்க் குழப்பம், மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழ்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.