பதக்கம் வீட்டுக்கு வந்துவிட்டது, கடிதத்தை வாசித்தீர்களா?

அம்மா, முதலில் மகளுக்கு எங்கள் வாழ்த்து. பேராதனைப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மேடையில் பதக்கம் வாங்கியவள், கையோடு ஆய்வு உதவியாளர் நியமனக் கடிதமும் கொண்டுவந்திருக்கிறாள். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா வைக்கக் கேட்டால் மறுக்காதீர்கள். மாலை போட்டு முடிந்ததும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு அரைமணி நேரம் அவளை உட்கார வையுங்கள். தமிழில் படித்துவிட்டு முதல் வருடம் ஆங்கில விரிவுரையை எப்படிச் சமாளித்தாள் என்று சொல்லட்டும். பொன்னாடையைவிட அது பெரிய விஷயம்.

இனி உங்கள் கேள்வி: இது படிப்பா, வேலையா? இரண்டும்தான். முதுதத்துவமாணி (எம்.பில்) என்ற ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்துகொண்டு, அந்த ஆய்வை வழிநடத்தும் விரிவுரையாளரான மேற்பார்வையாளரின் ஆய்வுத்திட்டத்தில் வேலை செய்வாள். மாதாமாதம் கொடுப்பனவு வரும். ஆனால் அதை அரசாங்கச் சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள். சேமலாப நிதி பெரும்பாலும் கட்டமாட்டார்கள், ஓய்வூதியம் இல்லை.

கடிதத்தில் முதலில் பார்க்கவேண்டியது தொகையை அல்ல, முடியும் திகதியை. தேசிய விஞ்ஞான மன்றம் போன்ற நிறுவனங்களின் ஆய்வு மானியம் விரிவுரையாளரின் திட்டத்துக்குத்தான் வருகிறது. திட்டம் முடிந்தால் கொடுப்பனவும் நின்றுவிடும். முழுநேர முதுதத்துவமாணிக்குக் குறைந்தது 2 வருடம், கலாநிதிப் பட்டத்துக்கு (பிஎச்.டி) குறைந்தது 3 வருடம் வேண்டும். திட்டம் 2 வருடத்துக்கு என்று வையுங்கள். ஆள் எடுப்பதற்குள் 6 மாதம் ஓடியிருந்தால் மகளுக்கு மிஞ்சுவது 18 மாதப் பணம். மாதிரி எடுத்து, பரிசோதனை முடித்து, ஆய்வேடு எழுத உட்காரும் நேரத்தில்தான் பணம் தீரும். அப்போது கிடைத்த வேலைக்குப் போனவர்களின் ஆய்வேடு பாதியிலேயே கிடக்கிறது. ஆகவே மகள் மேற்பார்வையாளரிடம் கேட்கட்டும்: "சேர், இன்னும் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது? அதற்குப் பிறகு என்ன ஏற்பாடு?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

பதிவுக் கட்டணம் யார் கட்டுவது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். களவேலை தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் என்றால் பஸ் செலவும் தங்குமிடமும் திட்டத்தில் சேருமா என்று கேளுங்கள். முதல் கொடுப்பனவு தாமதமாவது சாதாரணம். மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் போர்டிங் வாடகைக்கும் கையில் காசு இருக்கட்டும். மேற்பார்வையாளர் வெளிநாட்டு விடுமுறையில் போனால் கையெழுத்துப் போட இரண்டாவது மேற்பார்வையாளர் வேண்டும்; பதியும்போதே அவர் பெயரையும் சேர்த்துவிடுவது நல்லது.

நடுவில் ஆசிரியர் நியமனம் வந்தால்? வீட்டில் கடன் நெருக்குகிறது, தம்பி தங்கை படிப்பு இவளை நம்பி இருக்கிறது என்றால் நியமனத்தை எடுக்கட்டும். அதில் குற்றவுணர்வு வேண்டாம். சொல்லாமல் நின்றுவிட மட்டும் கூடாது. பகுதிநேரப் பதிவுக்கு மாற முடியுமா என்று எழுதிக் கேட்கவேண்டும். காலம் நீளும், பட்டம் கைவிட்டுப் போகாது. முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேல்நிலையோ எடுத்து, விரிவுரையாளராக ஆசைப்படுகிறாள் என்றால், வீடு தாங்கும்வரை இந்த ஆய்வை விடாதீர்கள் என்பதுதான் எங்கள் கருத்து.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் இன்றைக்கே பார்க்கவேண்டியது பெயர். தோட்டப்புறத்தில் எழுதிய பிறப்புச் சான்றிதழ்களில் தகப்பன் பெயரில் ஓர் எழுத்துக் கூடியோ குறைந்தோ இருக்கும். அடையாள அட்டையில் வேறு மாதிரி, பட்டச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. வீசா நேரத்தில் இது பெரும் தலையிடியாகிவிடும். நான்கு ஆவணங்களையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பட்டச் சான்றிதழ். பிழை இருந்தால் பிறப்புச் சான்றிதழில் இருந்தே திருத்தத் தொடங்குங்கள்; மற்றவை அதைப் பின்தொடர்ந்துதான் வரும். சிங்களத்தில் இருப்பதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கும்போதும் கடவுச்சீட்டு எழுத்துக்கூட்டலையே கொடுங்கள்.

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் பெறுபேறு 2 வருடத்துக்குத்தான் செல்லுபடியாகும். ஆகவே அவசரப்பட்டு இப்போதே எழுதவேண்டாம். விண்ணப்பிக்கும் வருடத்தில் எழுதினால் போதும்.