கடன் வாங்கி உடுப்புக்கடை போடலாமா? பம்பைமடு வாசகிக்குப் பதில்

கேள்வி: வவுனியா பம்பைமடுவில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட இருக்கிறேன். வயது 31. வீட்டில் ஒரு தையல் மெசின் வைத்து பிளவுஸும் சல்வாரும் தைக்கிறேன். பிளவுஸ் ஒன்றுக்கு 1,000 ரூபாய் வாங்குகிறேன். மாதம் செலவு போக 22,000 ரூபாய் மட்டில் மிஞ்சும், அதில் 5,000 சீட்டுக்குப் போகிறது. வங்கியில் 150,000 ரூபாய் சேமிப்பும், இரண்டு பவுண் சங்கிலியும் உண்டு. கம்பஸ் பிள்ளைகள் புதுப்புது பாஷனில் உடுப்பதால், கொழும்பு புறக்கோட்டையில் இருந்து ரெடிமேட் இறக்கி, மன்னார் வீதியில் 15,000 ரூபாய் வாடகைக்கு ஒரு கடை போட நினைக்கிறேன். ஒரு நுண்கடன் நிறுவனம் 3 லட்சம் தரத் தயார். வட்டி நூற்றுக்கு 20, மாதம் 17,500 ரூபாய்ப்படி 24 மாதம் கட்ட வேண்டும். இதற்கிடையில் சில மாணவிகள் ‘அம்மாவின்ர பழைய சேலையை டொப்பாத் தைச்சுத் தாங்கோ அக்கா’ என்று கேட்டு வருகிறார்கள். அந்த வேலைக்கு, துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லொக் மெசின் வேண்டும். பாவித்த ஒன்று 70,000 ரூபாய்க்கு இருக்கிறது. நான் எதைச் செய்வது?

பதில்: கடனை வாங்க வேண்டாம். மெசினை வாங்குங்கள், அதுவும் சேமிப்பில் இருந்து.

முதலில் அந்தக் கடன். நூற்றுக்கு 20 என்று அவர்கள் சொல்வது, நீங்கள் எவ்வளவு திருப்பிக் கட்டியிருந்தாலும் முழு 3 லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை போடும் வட்டி. ஒரு வருடம் முடியும்போது வாங்கிய முதல் தொகையில் பாதியைக் கட்டியிருப்பீர்கள், ஆனால் வட்டி அப்போதும் 3 லட்சத்துக்கே ஓடும். மாதம் 17,500 ரூபாய்ப்படி 24 மாதத்துக்கு 420,000 ரூபாய் கட்டுகிறீர்கள். குறைந்துகொண்டு போகும் மீதிக்கு வட்டி போடும் வங்கிக் கணக்கில் பார்த்தால் இது ஆண்டுக்கு 35 வீதத்துக்குக் கிட்ட வரும். வங்கி வட்டியோடு ஒப்பிடும்போது இந்த 35ஐ வைத்து ஒப்பிடுங்கள், 20ஐ வைத்து அல்ல.

இப்போது உங்களுக்கு மிஞ்சும் 22,000 ரூபாயில் தவணை 17,500, சீட்டு 5,000 போனால் 500 ரூபாய் குறைகிறது. கடைக்கு இன்னும் வாடகைகூடக் கொடுக்கவில்லை.

கடை உழைக்கும்தானே என்று கேட்பீர்கள். சரி, அதையும் பார்ப்போம். 1,000 ரூபாய்க்கு வாங்கிய டொப்பை 1,400க்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். வாடகை 15,000, தவணை 17,500, போக்குவரத்தும் மின்சாரமும் 5,000 என்றால் மாதம் 37,500 ரூபாய் வேண்டும். ஒன்றுக்கு 400 ரூபாய் லாபப்படி மாதம் 94 உடுப்பு விற்றால்தான் அந்தச் செலவு சரிக்கட்டும். அதற்கு மேல் விற்றால்தான் உங்களுக்குச் சம்பளம். அதோடு கடையில் நிற்கும் நேரம் தைக்க முடியாது என்பதால், இப்போது வரும் 22,000 ரூபாயும் குறையும்.

94 உடுப்பை யார் வாங்குவார்கள்? வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான பிறகு பம்பைமடுவில் நடமாட்டம் கூடியிருக்கிறது, அது உண்மை. ஆனால் உங்கள் வாடிக்கையாளரில் பலர் மகாபொல புலமைப்பரிசுக் காசில் மாதத்தைக் கொண்டுபோகிறவர்கள். அது 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயில் இருந்து 7,500 ஆக உயர்த்தப்பட்டது, அப்படியும் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாது. விடுமுறை விட்டால் பிள்ளைகள் காலிக்கும் மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்விடுவார்கள். அந்த மாதங்களிலும் தவணைக்காரர் வாசலுக்கு வருவார். பாஷன் உடுப்பில் இன்னொரு சிக்கல், விற்காமல் நிற்பது எப்போதும் பிழையான அளவும் பிழையான நிறமும்தான். அடுத்த பருவத்தில் அதைப் பாதி விலைக்கும் கேட்க மாட்டார்கள். இறக்குமதிச் சரக்கு டொலரோடு ஆடும் என்பதையும் 2022இல் கண்டோம். மார்ச்சில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதம் 360 ரூபாயைத் தொட்டது. 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்ந்த வற் வரியும் அந்த விலைக்குள் இருக்கிறது.

இனி, உங்களைத் தேடி வந்த அந்தச் சேலை வேலை. உங்கள் கடிதத்தில் பெறுமதியான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு சேலை ஐந்தரை மீற்றர் மட்டில் வரும். முந்தானையில் கிழிசலோ கரையில் கறையோ இருந்தாலும் அதை ஒதுக்கிவிட்டு இரண்டு டொப் வெட்டலாம், மிச்சத்தில் ஒரு துணிப்பையும் வரும். எங்கள் ஊர்களில் ஆசிரியைகள் பாடசாலைக்குச் சேலை உடுத்துத்தான் போகிறார்கள், ஆகவே பல வீட்டு அலுமாரிகளில் நல்ல பருத்திச் சேலைகள் மடித்தபடி கிடக்கின்றன. வன்னி வெயிலுக்கு பொலியெஸ்டர் டொப்பை விட அந்தப் பருத்தி எவ்வளவோ சுகம். துணிக்கு நீங்கள் முதல் போடவும் தேவையில்லை, அது வாடிக்கையாளரோடேயே வருகிறது. ஒரு பருத்தி டீசேட்டுக்கான பருத்தியை விளைவித்து உடுப்பாக்க ஏறத்தாழ 2,700 லீட்டர் தண்ணீர் போவதாக உலக வனவிலங்கு நிதியம் கணக்குச் சொல்கிறது. குளத்து மட்டத்தைப் பார்த்து விதைக்கிற எங்களுக்கு அது எவ்வளவு தண்ணீர் என்று விளங்கும். ஏற்கெனவே நெய்த துணியை இன்னும் நாலு வருடம் உடுக்க வைப்பது மதிப்பான தொழில். அதற்குரிய கூலியைக் கேட்கத் தயங்காதீர்கள்.

ஆனால் முன்பின் தெரியாதவர்கள் பாவித்த உடுப்பை வாங்கி விற்கும் யோசனைக்கு மட்டும் போக வேண்டாம். கொழும்பில் அது பாஷனாக இருக்கலாம். 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களில் யாரோ அனுப்பிய நிவாரண உடுப்பை உடுத்திய குடும்பங்கள் எங்கள் நடுவில் வாழ்கின்றன. அவர்களுக்கு அந்த உடுப்பு எதை நினைவூட்டும் என்று யோசித்துப் பாருங்கள். தன் அம்மாவின் சேலையைத் தைத்து உடுப்பது அப்படியில்லை, அந்தப் பிள்ளை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு உடுப்பாள்.

கூலிக் கணக்கை மணித்தியாலப்படி போடுங்கள். பிளவுஸ் 1,000 ரூபாயில் லைனிங், நூல், கொக்கி 200 போக 800 மிஞ்சும். மூன்று மணித்தியாலம் எடுத்தால் மணிக்கு 267 ரூபாய்தான். சேலையில் இரண்டு டொப் தைக்க 2,800 கேளுங்கள். 400 ரூபாய் பொருட்செலவு போக 2,400, ஐந்து மணித்தியாலம் எடுத்தாலும் மணிக்கு 480. பக்கம் பிடிப்பது, நீளம் குறைப்பது, சிப் மாற்றுவது போன்ற அரை மணி வேலைக்கு 300 ரூபாய் வாங்கினால் அதையும் விடக் கூடுதலாக வரும். அபாயா நீளம் குறைக்கவும், விழாவுக்குச் சேலை உடுக்கும் சிங்களப் பிள்ளைகளின் பிளவுஸ் திருத்தவும் ஆள் தேடுகிறவர்கள் வளாகத்தில் கட்டாயம் இருப்பார்கள். நேரம் என் மதிப்பீடு, ஒரு வாரம் மணிக்கூட்டைப் பார்த்துக் கொப்பியில் குறித்து உங்கள் கைவேகத்துக்குத் திருத்துங்கள். பிளவுஸ் கூலி குறைவு என்பதும் அப்போது தெரியவரும்.

மாதம் பத்துச் சேலை வந்தால் 24,000 ரூபாய். மூன்று மாதத்தில் ஓவர்லொக் தன் விலையைத் தந்துவிடும். வாங்க முன்னர் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய், மெல்லிய துணியிலும் டெனிமிலும் ஓட்டிப் பாருங்கள். மிச்சம் 80,000 ரூபாயைத் தொடாதீர்கள், விடுமுறை மாதங்களைத் தாண்ட அதுதான் கைகொடுக்கும். வேலை எடுக்கும்போதே பாதிக் காசு முற்பணமாக வாங்குங்கள். மகாபொல பிந்தும் காலத்தில், தைத்த உடுப்பு எடுக்க ஆளில்லாமல் கிடக்கும், அதனால் சொல்கிறேன்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள், பின்னொரு நாள் வங்கிக்குப் போக அது உதவும். வருமான வரி பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் இருந்து ஆண்டுக்கு 18 லட்சம் வரை விலக்கு உண்டு.

பிறகு அவசரமாகக் காசு தேவைப்பட்டால் சங்கிலியை வங்கியில் அடகு வையுங்கள். அடகுக்கடையும் வேண்டாம், குழுக்கடனும் வேண்டாம். குழுக்கடனில் பக்கத்து வீட்டுக்காரி கட்டாத தவணையும் உங்கள் தலையில் வரும், அதோடு உறவும் முறியும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டிய அளவுக்கு நிலைமை போனது. அந்தப் பெண்கள் சோம்பேறிகளாக இருந்ததால் அப்படி வரவில்லை, உழைப்பை விட வட்டி வேகமாக ஓடியது.

சீட்டை நிறுத்த வேண்டாம். உங்கள் முறை வரும்போது அந்தக் காசில் 70,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் திருப்பிப் போடுங்கள். ஒரு வருடம் கொப்பியில் வரவு செலவு எழுதிவிட்டு, எந்த மாதம் எவ்வளவு வந்தது என்ற விபரத்தோடு மறுபடி எழுதுங்கள். மன்னார் வீதிக் கடையைப் பற்றி அப்போது கதைப்போம்.