போகிற பறவையைப் பாருங்கள்

கேள்வி: நவம்பரில் யமுனைப் படித்துறைக்கு வந்த சைபீரியப் பறவைகள் பிப்ரவரியிலும் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. ஐரோப்பாவில் தகைவிலான் குருவி வந்தால் வசந்தம் என்பார்களாம். டெல்லி வசந்தத்துக்கு இவைதானே அடையாளம்? பிள்ளைகளுக்கு இதை எப்படிக் காட்டுவது?
– வாசகி, மயூர் விகார், டெல்லி

பதில்: இல்லை அம்மா. அவை குளிரைக் கழிக்க வந்த விருந்தாளிகள். அவை மூட்டை கட்டினால்தான் இங்கே வசந்தம். நீங்கள் சொல்லும் தகைவிலானே அப்படித்தான். ஐரோப்பாவுக்கு அது வசந்தத்தில் வரும் பறவை. நம் நாட்டுச் சமவெளிக்கோ மழைக்காலம் முடியும்போது வந்து, மார்ச், ஏப்ரலில் வடக்கே திரும்பும் பறவை. அந்த ஊர் வழக்கை அப்படியே இங்கே இறக்கினால் தலைகீழாகத்தான் விழும்.

நம் பஞ்சாங்கமும் கைகொடுக்காது. சித்திரை, வைகாசி இளவேனில் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்; வைகாசி மத்தியானத்தில் மயூர் விகார் மொட்டை மாடியில் நின்று அதைச் சொல்லிப் பாருங்கள். இலவ மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சிவப்பாகப் பூக்கும் மாசி, பங்குனிதான் டெல்லியின் வசந்தம். நாம் பின்பனி என்று எழுதி வைத்த மாதங்கள்.

அடுத்தது அந்த 'சைபீரியா'. படித்துறையில் ஓமப்பொடிக்குப் பாய்கிறவை கடற்காகங்கள். பழுப்புத்தலை, கருந்தலை என்று இரண்டு இனம். பழுப்புத்தலை திபெத், லடாக் பக்கத்து உயர்ந்த ஏரிகளில் குஞ்சு பொரிப்பது. கருந்தலை அதைவிட வடக்கே போவது. சைபீரியக் கொக்கு என்று உண்மையிலேயே ஒன்று உண்டு. ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்கு அது கடைசியாக வந்தது 2001-02 குளிர்காலத்தில். டெல்லி மிருகக்காட்சிசாலையில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரையையும் பலர் சைபீரியாவில் சேர்த்துவிடுகிறார்கள். அது 1960 வாக்கிலிருந்து தானாகவே அங்கே வந்து கூடு கட்டுகிற உள்நாட்டுப் பறவை. குஞ்சுகள் பறந்தபின் வசந்தத்தில் அந்த மரங்கள் காலியாவதை வலசை என்று குறித்துவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்குக் காட்ட எளிதானது கடற்காகத்தின் தலை. டிசம்பரில் தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் மை தொட்டு வைத்ததுபோல் ஒரு பொட்டு மட்டும். பிப்ரவரியிலிருந்து இறகு மாறி, மார்ச்சுக்குள் பலவற்றுக்கு முகம் முழுக்க முக்காடு போட்டாற்போல் ஆகிவிடும். (கருந்தலை என்று பெயர்தான், நிறம் வறுத்த காப்பிக்கொட்டை.) ஞாயிறுதோறும் ஐம்பது பறவைகளை எண்ணி, எத்தனைக்கு முக்காடு முழுசாக இருக்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். வால் நுனியில் கறுப்புப் பட்டை உள்ளவை இளசுகள். அவற்றுக்கு முக்காடு அரைகுறையாகத்தான் வரும், கணக்கில் சேர்க்க வேண்டாம். எண்ணிக்கை பாதியைத் தாண்டினால் கிளம்பும் நாள் நெருங்குகிறது. ஓமப்பொடியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அது அவற்றின் தீனி அல்ல. தவிர, போடுகிற இடத்தில் பறவை குவியும், உங்கள் கணக்கும் கெடும்.

வாத்துகளுக்கு ஓக்லா சரணாலயம் போங்கள். உங்களுக்குப் பக்கம், அதே பெயரில் மெஜந்தா தடத்தில் மெட்ரோ நிலையமே இருக்கிறது. காலையில் போவதுதான் சரி. நொய்டா பக்கக் கரையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்; மாலையில் அதே இடத்தில் எல்லா வாத்தும் கறுப்பு நிழல்தான். பைனாகுலர் 8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவது, போதும். பத்து மடங்கு வாங்கினால் கைநடுக்கமும் பெருகும், காட்சி வட்டமும் குறுகும். பிள்ளைகள் பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துவிடும்.

பலரும் கோட்டை விடுவது குறிப்பேட்டில். முதல் நாள் வந்த பறவையை யாரும் பார்த்துவிடலாம். கடைசியாகப் போன நாளோ, போன பிறகுதான் தெரியும். அதனால் ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் கடைசிவரை வாரம் ஒருமுறை, ஒரே இடம், ஒரே நேரம், இருபது நிமிடம். குளிருக்கு வந்த ஊசிவால் வாத்து எத்தனை, தட்டைவாயன் வாத்து எத்தனை? ஒன்றும் இல்லாவிட்டால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். வெற்றிடமாக விட்டால், பறவை இல்லையா நீங்கள் போகவில்லையா என்று பிறகு தெரியாது. கறுப்பு அலகின் நுனி மஞ்சளாக இருந்தால் அது புள்ளிமூக்கு வாத்து. ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பது, அதைத் தனியாக எழுதுங்கள். மே மாதத்தில் ஒற்றை ஊசிவால் நின்றால், அது பெரும்பாலும் அடிபட்டதோ பலமில்லாததோ. அதை வைத்துத் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஒரு வாரம் வெயில் அடித்தால் 'எல்லாம் போய்விடும்' என்பார்கள். பறவையைக் கிளப்புவது முக்கியமாகப் பகலின் நீளம். டெல்லியில் டிசம்பர் பகல் ஏறத்தாழ 10 மணி 20 நிமிடம், மார்ச் 20 வாக்கில் 12 மணியைத் தாண்டும். பகல் நீள நீள அவை தின்று கொழுப்புச் சேர்க்கும், இறகு மாற்றும். காற்றும் வெயிலும் நாளைச் சற்று முன்பின் நகர்த்தலாம், அவ்வளவுதான்.

வருகிற பறவையே வேண்டும் என்றால் குயிலைச் சொல்லாதீர்கள். குளிரில் வாயடைத்துக் கிடந்தது கூவத் தொடங்குவதை வரவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. மாங்குயிலைத் தேடுங்கள். ஆண் பளீர் மஞ்சள், கண்ணை ஒட்டி மை தீட்டியது போன்ற கோடு. தலை முழுக்கக் கறுப்பாக இருந்தால் அது வேறு இனம். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ பெரிய மரங்கள் உள்ள பூங்காக்களில் புல்லாங்குழல்போல் ஒரு விசில் கேட்கும். பார்வைக்கு அகப்படாது, இலைக்குள்ளேயே இருக்கும். இது குளிர்காலத்தைத் தென்னிந்தியாவில் கழித்துவிட்டு, கூடு கட்ட வடக்கே வருவது. தமிழ்நாட்டில் உள்ள உங்கள் உறவினர் யாரையாவது அங்கே மாங்குயில் கடைசியாகக் கண்ணில் பட்ட நாளைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் இங்கே முதல் விசிலைக் குறியுங்கள். சித்திரையில் போன் பேசும்போது இரண்டு தேதியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.