வாசகர் கேள்வி–பதில்: டர்ன்டேபிள் ஒயரை எங்கே செருகுவது?

கேள்வி: பழைய ப்ரீஆம்ப் (ஸ்பீக்கர ஓட்டற பவர் ஆம்ப்புக்கு முன்னால வெக்கற பெட்டி) ஒண்ணு வாங்கியிருக்கறனுங்க. சிடி பிளேயர் நல்லாப் பாடுது. ரெக்கார்டு சுத்தற டர்ன்டேபிளை ஆக்ஸ்ல செருகுனா, முழு வால்யூம் வெச்சாலும் கொசு முனகற மாதிரிதான் கேக்குது. ஃபோனோவுல செருகுனா பாட்டோட சேர்ந்து 'கும்'முன்னு இரைச்சல். எது சரிங்க?
– வாசகர், பல்லடம்

பதில்: ஃபோனோதான் சரி. ஆக்ஸ் என்பது சிடி பிளேயர் போன்ற வலுவான சிக்னலுக்கான துளை, ஃபோனோ டர்ன்டேபிளுக்கென்றே உள்ள துளை. சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தருகிறது. உங்கள் டர்ன்டேபிளின் கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவை மின்சாரமாக மாற்றும் சிறு பெட்டி) சாதாரண எம்.எம். (நகரும் காந்தம்) வகை என்றால் 3 முதல் 5 மில்லிவோல்ட்தான் வரும். நானூறில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. அது மட்டுமல்ல. இசைத்தட்டில் அடித்தொனியை (பாஸ்) அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகி பக்கத்துப் பள்ளத்தில் மோதும். அதனால் தட்டில் அடித்தொனியைக் குறைத்தும், உச்சத் தொனியைக் கூட்டியும் பதிகிறார்கள். 1954 முதல் நடைமுறையில் உள்ள ஆர்ஐஏஏ (அமெரிக்க ரெக்கார்டு நிறுவனங்களின் சங்கம்) அளவின்படி 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபெல் குறைவு, 20,000 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபெல் கூடுதல். இதை நேர்செய்யும் சுற்று ஃபோனோவில் மட்டும்தான் உண்டு.

இனி இரைச்சல். டர்ன்டேபிளிலிருந்து சிவப்பு, வெள்ளை ஒயர்களோடு மெல்லிய மூன்றாவது ஒயர் ஒன்று வரும், நுனியில் 'யு' வடிவத் தகடு இருக்கும். ப்ரீஆம்ப்பை அணைத்துவிட்டு அதை ஜிஎன்டி (எர்த்) என்று எழுதிய திருகில் முறுக்குங்கள். திருகில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். முள்ளைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் உலோகத்தைத் தொட்டால் இரைச்சல் கூடுகிறதா, குறைகிறதா? அப்படியானால் இந்த ஒயர்தான் சரியாகப் பிடிக்கவில்லை.

அப்புறமும் நிற்காவிட்டால் டர்ன்டேபிளை ப்ரீஆம்ப் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி வையுங்கள். சிக்னல் ஒயர் கரண்ட் ஒயரோடு ஒட்டி ஓடக்கூடாது, குறுக்கே போகலாம். ஒரே பக்கம் மட்டும் இரைந்தால் கார்ட்ரிட்ஜின் நான்கு பின்களைப் பாருங்கள். வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. கிளிப் தளர்ந்திருந்தால் மெல்ல நெருக்கிச் செருகுங்கள். பின்னில் நேராகச் சால்டர் வைத்தால் உள்ளிருக்கும் சுருள் கருகிவிடலாம்.

வீட்டோடு தறி ஓடினால் மோட்டார் லைனிலிருந்து செட்டுக்கு கரண்ட் எடுக்காதீர்கள். மூன்று ஃபேஸ் வீட்டில் செட் முழுவதும் ஒரே ஃபேஸில், ஒரே பெட்டியில் இருக்கட்டும். வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்றுங்கள். இரைச்சலை நிறுத்த மூன்று பின் பிளக்கின் எர்த்தைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

கேள்வி: என்ற டர்ன்டேபிள்ல பின்னால ஃபோனோ/லைன்னு ஒரு சுவிட்ச் இருக்குதுங்க. ஃபோனோவுல செருகுனா சத்தம் கரகரன்னு உடையுது.
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: சுவிட்ச் லைனில் இருக்கிறது, உள்ளிருக்கும் ஃபோனோ சுற்று ஒருமுறை பெருக்கியதை ப்ரீஆம்ப் மறுபடி பெருக்குகிறது. சுவிட்சை ஃபோனோவுக்கு மாற்றுங்கள், அல்லது லைனிலேயே விட்டு ஒயரை ஆக்ஸுக்கு மாற்றுங்கள். இரண்டையும் கேட்டுப் பார்த்து நல்லதை வைத்துக்கொள்ளலாம். ப்ரீஆம்ப்பின் ஃபோனோ பெரும்பாலும் மேல்.

கேள்வி: டேப் அவுட்டை பவர் ஆம்ப்ல குடுத்திருக்கறனுங்க. வால்யூம் நாப் திருப்புனாலும் சத்தம் குறையவே மாட்டேங்குது.
– வாசகர், பெருந்துறை

பதில்: உடனே அணையுங்கள். டேப் அவுட் வால்யூமுக்கு முன்னாலேயே பிரிந்து வருவது, ரெக்கார்டு செய்யும் கருவிக்கானது. முழு சிக்னலும் ஸ்பீக்கருக்குப் போனால் உச்சத் தொனிக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் முதலில் போய்விடும். பவர் ஆம்ப்புக்கு வால்யூமுக்குப் பின்னால் வரும் ப்ரீ அவுட்தான். இன்னொன்று: டேப் மானிட்டர் (டேப்பிலிருந்து வருவதை மட்டும் கேட்க) பட்டன் அமுங்கியிருந்தால் வேறு எந்தக் கருவியும் பாடாது. பலர் செட் கெட்டுவிட்டதென்று கடைக்குத் தூக்கிப் போவது இதற்குத்தான். எந்த ஒயரை மாற்றினாலும் பவர் ஆம்ப்பைக் கடைசியில் போடுங்கள், முதலில் அணையுங்கள்.

கேள்வி: டிவியில ஆப்டிகல் (ஒளி வழியா சத்தம் வர்ற) துளை மட்டுந்தானுங்க இருக்குது. எப்படி இணைக்கறது?
– வாசகர், தாராபுரம்

பதில்: இடையில் டிஜிட்டல் சிக்னலை சாதாரண ஒலி சிக்னலாக மாற்றும் டிஏசி பெட்டி ஒன்று வேண்டும். டிவி செட்டிங்கில் ஒலியை பிசிஎம் (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) என்று வையுங்கள், இல்லாவிட்டால் சாதாரண டிஏசியில் சத்தமே வராது. அங்கிருந்து ஆக்ஸுக்கு. ஃபோனோவில் மட்டும் வேண்டாம்.