அமெரிக்காவில் கிளினிக்கல் சைக்காலஜி பிஎச்.டி.: விண்ணப்பிக்கும் முன் கேட்டவையும் பதில்களும்

அமெரிக்காவில் கிளினிக்கல் சைக்காலஜி பிஎச்.டி. முடித்து, இப்போது மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். மாணவர் தேர்வுக்கு வரும் விண்ணப்பங்களைப் படிக்கும் வேலையும் செய்திருக்கிறேன். வரும் டிசம்பரில் விண்ணப்பிக்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

நித்யா, திருச்சி: அக்கா, எம்.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருடம் படிக்கிறேன். பிஎச்.டி. நல்லதா, சை.டி. (PsyD) என்ற இன்னொரு முனைவர் பட்டம் நல்லதா?

இரண்டிலும் அமெரிக்காவில் சிகிச்சை தர உரிமம் வாங்கலாம் நித்யா. பிஎச்.டி.யின் அடிப்படை 1949இல் கொலராடோவின் போல்டர் நகரில் நடந்த மாநாட்டில் உருவானது. ஆராய்ச்சி செய்பவரும் சிகிச்சை தருபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று அங்கே முடிவெடுத்தார்கள். 1973இல் அதே மாநிலத்தின் வெயில் (Vail) என்ற ஊரில் இன்னொரு மாநாடு கூடியபோது, சிகிச்சைக்கு முதலிடம் தரும் சை.டி. பட்டத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது.

நடைமுறையில் பெரிய வித்தியாசம் பணம்தான். பல்கலைக்கழக பிஎச்.டி.க்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. பாடம் நடத்தவோ ஆராய்ச்சியில் உதவவோ செய்தால் மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. அதனால்தான் ஐந்து முதல் பத்து இடங்களுக்கு நூற்றுக்கணக்கானவர்கள் மோதுகிறார்கள். சை.டி.யில் இடம் கிடைப்பது சற்று எளிது, ஆனால் செலவு பெரும்பாலும் உங்களுடையது. ஆராய்ச்சி துளியும் பிடிக்காதவர் ஐந்தாறு வருடம் பிஎச்.டி.யில் தாக்குப்பிடிப்பது கஷ்டம், அது உண்மை. ஆனாலும் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து சை.டி. படிக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ராஜேஷ், சென்னை: படித்துவிட்டு ஊருக்கே வந்து வேலை பார்க்க ஆசை. அமெரிக்கப் பட்டம் இருந்தால் போதும்தானே?

போதாது தம்பி. இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று வேலை பார்க்க இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில், அதாவது ஆர்சிஐயில், பதிவு வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் ஆர்சிஐ ஏற்ற தகுதியைத்தான் கேட்கிறது. வெளிநாட்டுப் பட்டத்துக்கு அந்தப் பதிவு தானாக வந்துவிடாது. இந்தியாவிலேயே வாங்கிய சைக்காலஜி பிஎச்.டி.யை மட்டும் வைத்தும் பதிவு கிடைக்காது. இது தெரியாமல் வருடங்களை விட்டவர்கள் நிறைய.

இதுவரை இருந்த முக்கிய வழி பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி சிஐபி மாதிரி மனநல நிறுவனங்களின் இரண்டு வருட எம்.பில். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி எம்.பில்.லை நிறுத்தியபோது கிளினிக்கல் சைக்காலஜிக்கு 2025-26 கல்வியாண்டு வரை மட்டும் அவகாசம் தந்தது. அதனால் இப்போது எந்தப் படிப்பு ஏற்கப்படுகிறது என்பதை ஆர்சிஐ பட்டியலிலேயே பாருங்கள், கல்லூரி விளம்பரத்தை நம்பாதீர்கள். எந்த ஊரில் உட்கார்ந்து நோயாளியைப் பார்க்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டால், எந்தப் பட்டம் என்பது பாதி முடிவாகிவிடும்.

கார்த்திக், கோவை: பேராசிரியர்களுக்கு மெயில் போடுகிறேன், யாரும் பதில் போடுவதில்லை. ஏன் படிக்க விரும்புகிறேன் என்று சொல்லும் எஸ்ஓபி கட்டுரையும் எழுத வரவில்லை.

இரண்டுக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும். கிளினிக்கல் பிஎச்.டி.யில் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு பேராசிரியரின் லேபுக்குத்தான் மாணவரை எடுக்கிறார்கள். அவர் இந்த வருடம் ஆள் எடுக்கிறாரா என்பதைத் துறையின் இணையப் பக்கத்தில் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் போட்டுவிடுவார்கள். எடுக்காதவருக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் பயனில்லை.

அடுத்தது என்ன எழுதுகிறீர்கள் என்பது. "சிறு வயதிலிருந்தே பிறருக்கு உதவ ஆசை" என்று தொடங்கும் எஸ்ஓபி கட்டுக்கட்டாக வருகிறது. அதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் உங்களைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. அதற்குப் பதில் இப்படி ஒரு பத்தி வந்தால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்: "எம்.எஸ்சி. ஆய்வுக்காக அரசு மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம் மனச்சோர்வு வினாத்தாளைக் கொடுத்தேன். 'சோகமாக இருக்கிறீர்களா' என்றால் இல்லை என்றார்கள். அடுத்த நிமிடமே கை கால் அசதி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமில்லை என்று சொல்லிக்கொண்டே போனார்கள். இந்த வினாத்தாள் இவர்களை அளக்கிறதா, தவறவிடுகிறதா என்று கேட்கத் தொடங்கினேன்." இது ஒரு ஆராய்ச்சிக் கேள்வி. அதோடு அந்தப் பேராசிரியரின் சமீபக் கட்டுரை ஒன்றை உண்மையிலேயே படித்து, உங்கள் கேள்வி அதில் எங்கே ஒட்டுகிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். மெயிலுக்கு மொத்தம் பத்து வரி தாண்ட வேண்டாம்.

அதே கார்த்திக்: ஜிஆர்இ நுழைவுத் தேர்வு எழுதணுமா?

பல இடங்களில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த பட்டியலில் யார் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அமெரிக்காவில் இளங்கலை நான்கு வருடம் என்பதால், மூன்று வருட பி.ஏ., பி.எஸ்சி. மட்டும் இருந்தால் ஏற்பார்களா என்பதையும் சேர்த்தே விசாரியுங்கள்.

பெயர் வேண்டாம்: எனக்கே கடுமையான டிப்ரஷன் வந்து குணமானது. அதனால்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன். எழுதலாமா?

இதை நீங்கள் மறைக்க வேண்டிய அவமானமாக நினைக்க வேண்டாம். ஆனால் எஸ்ஓபியின் மையமாக வைக்காதீர்கள். படிக்கும் குழுவில் சிலர் இன்னும் இதைப் பலவீனமாகத்தான் பார்க்கிறார்கள். அது சரியில்லை என்பதே என் கருத்து, ஆனாலும் நிலைமை அப்படித்தான். அந்த அனுபவத்திலிருந்து உங்களுக்கு வந்த கேள்வியை எழுதுங்கள். அனுபவத்தை ஒரு வரியில் சொல்வதா, சொல்லாமல் விடுவதா என்பதை உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சுபா, நியூ ஜெர்சி: 36 வயது, ஐந்து வயதுப் பையன் இருக்கிறான். இனிமேல் தொடங்கலாமா?

வயது தடையில்லை சுபா. இடம் மாறுவதுதான் சிக்கல். படிப்பின் கடைசியில் ஒரு முழு வருட இன்டர்ன்ஷிப் உண்டு. அதற்கு மாணவர்களையும் இடங்களையும் நாடு முழுக்கப் பொருத்தும் 'மேட்ச்' முறையில் வேறு மாநிலம் விழுந்தால் குடும்பத்தோடு போக வேண்டிவரும். விசாவில் இருக்கிறீர்கள் என்றால் இன்னொன்று: முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் இன்டர்ன்ஷிப் இடங்கள் நிறைய, ஆனால் அமெரிக்கக் குடியுரிமை இருந்தால்தான் எடுப்பார்கள். பட்டத்துக்குப் பிறகும் உரிமத்துக்கு 225 கேள்விகள் கொண்ட ஈபிபிபி தேர்வு இருக்கிறது.

உங்கள் ஆசை மக்களோடு உட்கார்ந்து தெரபி செய்வது மட்டும்தான் என்றால், கவுன்சலிங்கிலோ சோஷியல் வொர்க்கிலோ இரண்டு, மூன்று வருட மாஸ்டர்ஸ் படித்து உரிமம் வாங்கலாம். உளவியல் பரிசோதனைகள், ஆராய்ச்சி, பேராசிரியர் வேலை இவையும் வேண்டும் என்றால்தான் முனைவர் பட்டம். அப்படிப் போவதாக இருந்தால் அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் உள்ள இடமாகப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்பும் எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், எவ்வளவு செலவு, எத்தனை பேர் பாதியில் விடுகிறார்கள், எத்தனை பேருக்கு இன்டர்ன்ஷிப்பும் உரிமமும் கிடைக்கின்றன என்பதையெல்லாம் தன் தளத்தில் வெளியிட்டே ஆக வேண்டும். நேர்முகத்துக்குப் போகும் முன் அதை வரி வரியாகப் படியுங்கள்.

முபீனா, மதுரை: ஒரு இடம் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது, இன்னொன்றில் காத்திருப்புப் பட்டியல். உடனே பதில் சொல்லணுமா அக்கா?

உதவித்தொகையோடு வந்த இடத்துக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்லாமல் இருக்கலாம், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்ட தேதி அது. காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் இடத்துக்கு, இன்னும் ஆர்வம் இருக்கிறது என்று ஒரு சின்ன மெயில் போடுங்கள். அதற்குள் கையில் இருக்கும் லேபின் இப்போதைய மாணவர்கள் இரண்டு பேரிடமாவது தனியாகப் பேசுங்கள். பேராசிரியர் கட்டுரைகளைத் திருத்தித் தர எவ்வளவு நாள் எடுக்கிறார், உடம்பு சரியில்லை என்றால் எப்படி நடந்துகொள்கிறார் என்று நேராகவே கேளுங்கள். அப்புறம், இரண்டு இடமும் கிடைத்து ஒன்றை முடிவு செய்துவிட்டால், மற்றதை அன்றைக்கே விட்டுக்கொடுங்கள். அங்கேயும் உங்களை மாதிரி ஒருவர் காத்திருப்பார்.