பினியன் ஸ்னப்பர்: பழைய டாட்ஜ், பிளிமத் வைத்திருப்பவர்களுக்கான கேள்வி பதில்

பின்னால் லீஃப் ஸ்பிரிங் (எஃகுப் பட்டை வில்) உள்ள பழைய டாட்ஜ், பிளிமத் கார்களை வைத்திருக்கும் நண்பர்கள், பின் அச்சின் முன்முனையில் இருக்கும் பினியன் ஸ்னப்பர் என்ற கட்டையைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என்னிடம் இருப்பது 1970 சேலஞ்சர், 383 கன அங்குல எஞ்சின். அதன் அடியில் படுத்துக் கற்றுக்கொண்டதுதான் பெரும்பாலும்.

கேள்வி (1968 பாரகூடா, 340): அண்ணா, ஸ்னப்பர் என்பது ஒரு ரப்பர் கட்டைதானே? அது எப்படி பிடிப்பைக் கூட்டும்?

ரப்பர் கட்டைதான், ஆனால் இருக்கும் இடம் முக்கியம். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், அச்சைச் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரௌன் வீலின் பல்லைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறப் பார்க்கும். சக்கரம் முன்னால் உருள, அச்சுக்கூடு எதிர்ப்பக்கம் திரும்பும். கூட்டின் மூக்கு, அதாவது எஞ்சின் சக்தியைக் கொண்டுவரும் பிரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் முனை, காரின் தரைத்தகட்டை நோக்கி எழும். இரண்டு ஸ்பிரிங்கும் அந்த முறுக்கில் பாம்பு மாதிரி நெளியும். டயர் வழுக்கினால் முறுக்கு விடுபட்டு ஸ்பிரிங் திரும்பி அடிக்கும். டயர் மறுபடி பிடிக்கும், ஸ்பிரிங் மறுபடி முறுக்கும். பின்னால் கடகடவென்று துள்ளுகிறதே, அது இதுதான்.

ஸ்னப்பர் அந்த மூக்கின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. மூக்கு எழும்போது தரைத்தகட்டில் முட்டி, முறுக்கை அங்கேயே நிறுத்துகிறது. முட்டும் இடத்தில் உடலை மேலே தள்ளுகிறது. அதற்கு ஈடாக அச்சும் டயரும் ரோட்டில் அழுந்துகின்றன. பிடிப்பு கூடுவது அதனால்தான்.

டாட்ஜ், பிளிமத் கார்களைச் செய்த கிரைஸ்லர்காரர்கள் அச்சை ஸ்பிரிங்கின் நட்டநடுவில் வைக்கவில்லை, முன்பக்கமாகத் தள்ளி வைத்தார்கள். முன்பாதி குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால், முறுக்கில் ஒரு பங்கை அதுவே தாங்கிவிடும். மிச்சத்தைப் பிடித்தால் போதும் என்பதால்தான் இந்தக் கார்களில் ஒரு சின்னக் கட்டை இவ்வளவு வேலை செய்கிறது.

கேள்வி (1971 டஸ்டர்): எதை வாங்குவது? ரப்பரா, பாலியூரித்தேனா? உயரம் மாற்றக்கூடியது தேவையா?

முதலில் உங்கள் அச்சு எது என்று பாருங்கள். 1957 முதல் 1974 வரை வந்த எட்டேமுக்கால் அங்குல (கிரௌன் வீலின் விட்டம்) அச்சுக்கு ஒரு பிராக்கெட், எட்டேகால் அங்குலத்துக்கு வேறு, டானா 60 என்ற கனமான அச்சுக்கு வேறு. கார் மாடலைச் சொல்லி வாங்காதீர்கள், அச்சைச் சொல்லி வாங்குங்கள். ஐம்பது வருடக் காரில் யார் எந்த அச்சை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும்.

தினசரி ஓட்டும் காருக்கு ரப்பர்தான் என் தேர்வு. முட்டும்போது கொஞ்சம் அமுங்கி, அப்புறம் இறுகும். பாலியூரித்தேன் முட்டினால் சுத்தியலால் தட்டியதுபோல் சத்தம் உள்ளே வரும். அது நேர்கோட்டில் பந்தயம் ஓடும் டிராக் காருக்குச் சரி. உயரம் மாற்றக்கூடியதுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. ஸ்பிரிங் நாளாக ஆக இறங்கும், டயர் மாறும், நீங்களே ஒருநாள் காரைத் தாழ்த்துவீர்கள். ஒவ்வொரு தடவையும் இடைவெளி மாறும்.

கேள்வி (1970 சேலஞ்சர், 383, ஆட்டோமேட்டிக்): இடைவெளி எவ்வளவு வைக்க வேண்டும்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம், ஆளுக்கு ஒரு நிலையில் அளக்கிறார்கள். நான் முதல் தடவை செய்த தவறும் அதுவே. காரை லிஃப்டில் தூக்கி, அச்சு தொங்கும்போது ஒரு அங்குலம் வைத்துப் பூட்டினேன். கீழே இறக்கியதும் பாரம் ஏறி ஸ்பிரிங் அமுங்கியது, அந்த ஒரு அங்குலம் காணாமல் போய்விட்டது. முதல் வேகத்தடையிலேயே தலையில் அடித்ததுபோல் ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து கம்பளத்தை விலக்கிப் பார்த்தேன். தகட்டில் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் மேலே வீங்கியிருந்தது. அந்த வீக்கத்தை இறக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

ஆகவே நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில், பாரம் சக்கரத்தின் மேல் இருக்கும்படி நிறுத்துங்கள். நாலு சக்கரத்துக்கும் ஒரே உயரத்தில் ரேம்ப் போட்டு ஏற்றுவது நல்லது. டேங்க் பாதியாவது இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஒருவரை உட்கார வைத்து, நீங்கள் அடியில் போய் அளங்கள். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள், அஞ்சு நிமிட வேலைதானே என்றாலும்.

அப்படி அளக்கும்போது, ரோட்டுக்கு ஒன்று முதல் ஒன்றரை அங்குலம். டிராக் ஓட்டத்துக்கு அரை அங்குலமும் அதற்குக் கீழேயும் வைப்பார்கள்; சிலர் தகட்டை உரசும் அளவுக்கு ஏற்றிவிடுவார்கள். ரோட்டில் அப்படி வைத்தால் ஒவ்வொரு மேட்டிலும் முட்டும். அதிகமாக விட்டாலும் தொல்லைதான்: மூக்கு வேகம் எடுத்து வந்து இடித்துத் தெறிக்கும், எந்தத் துள்ளலை நிறுத்த வந்தோமோ அதையே கிளப்பிவிடும்.

கேள்வி (அதே நண்பர்): தகடு தாங்குமா? பலப்படுத்த வேண்டுமா?

உங்கள் கார் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 1970-இல் நாலு பேரல் கார்புரேட்டர் உள்ள 383-க்குச் சொன்ன டார்க் (முறுக்குவிசை) 425 பவுண்டு-அடி. டார்க்ஃபிளைட் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியின் முதல் கியர் விகிதம் 2.45, பின் அச்சின் விகிதம் 3.23 என்று வைத்தால் அச்சுக்கு வருவது சுமார் 3,360 பவுண்டு-அடி. எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் உள்ள டார்க் கன்வர்ட்டர் பெருக்கித் தருவதை இதில் சேர்க்கவில்லை. அச்சு மையத்திலிருந்து 10 அங்குலம் முன்னால் ஸ்னப்பர் முட்டுகிறது, மொத்தத்தையும் அதுவே தாங்குகிறது என்றால், அந்த ஒரு புள்ளியில் 4,000 பவுண்டு. ஏறக்குறைய முழுக் காரின் எடை! நடைமுறையில் அவ்வளவு வராது. டயர் அதற்கு முன்பே வழுக்கிவிடும், ஸ்பிரிங்கும் பங்கு எடுத்துக்கொள்ளும். அதில் பாதி வந்தாலும் மெல்லிய தகட்டுக்கு அது அதிகம்.

முட்டும் இடத்தில் கம்பெனியே வைத்த தடித்த தட்டு உங்கள் காரில் இருக்கிறதா, துரு தின்றிருக்கிறதா என்று ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். யாராவது புதுத் தரை மாற்றியிருந்தால் அந்தத் தட்டைத் திரும்ப வைக்காமல் விட்டிருக்கலாம். இல்லையென்றால் 3 மில்லிமீட்டர் தட்டு ஒன்றை உள்ளங்கையைவிட அகலமாக வெட்டி, ஓரங்களில் வெல்டு வைத்து, பெயின்ட் அடியுங்கள். வெல்டு வைக்கும் முன் உள்ளே கம்பளத்தை எடுத்துவிடுங்கள், பெட்ரோல் குழாய் எங்கே ஓடுகிறது என்று கையால் தடவிப் பாருங்கள், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

கேள்வி (1969 டார்ட், நாலு ஸ்பீடு): பினியன் கோணத்தையும் சரி செய்ய வேண்டுமா? எதை முதலில்?

கோணம், அதாவது மூக்கு மேலோ கீழோ சாய்ந்திருக்கும் அளவு, முதலில். கோணத்தை மாற்றினால் மூக்கு ஏறும் அல்லது இறங்கும், நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த இடைவெளி போய்விடும்.

பாரம் இழுக்கும்போது மூக்கு எழும் என்பதால், சும்மா நிற்கும்போது அதைக் கொஞ்சம் கீழ்நோக்கி வைக்கிறோம். ரோட்டுக் காருக்கு 2 முதல் 4 டிகிரி, டிராக் காருக்கு அதைவிடக் கூடுதல். கோணத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள உறவையும் பாருங்கள். ஸ்னப்பர் அச்சிலிருந்து 10 அங்குலம் முன்னால் இருந்தால், அரை அங்குல இடைவெளி மூடக் கூடு திரும்புவது 3 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. ஒரு அங்குலம் என்றால் ஏறக்குறைய 6 டிகிரி. 3 டிகிரி கீழே வைத்து ஒரு அங்குலம் விட்டால், ஸ்னப்பர் முட்டும் நேரத்தில் மூக்கு 3 டிகிரி மேல்நோக்கித் திரும்பியிருக்கும், பிரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள குறுக்கு ஜாயின்ட் அதைத் தாங்க வேண்டும். டேப்பை எடுத்து உங்கள் காரில் அந்தத் தூரத்தை அளந்து இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுங்கள். யார் சொல்லும் எண்ணையும்விட அது உங்களுக்கு உதவும்.

மாற்றுவதற்கு ஆப்பு வடிவத் தட்டு கிடைக்கும். இந்தக் கார்களில் அச்சு ஸ்பிரிங்கின் மேல் உட்காருவதால், மூக்கை இறக்கத் தடித்த பக்கம் பின்னால் இருக்க வேண்டும்.

கேள்வி (1972 சேலஞ்சர், மலைப்பாதையும் ஆட்டோகிராஸும்): ஐயா, நேர்கோட்டில் நன்றாக இழுக்கிறது. ஆனால் வளைவில் ஒரு மேடு வந்தால் பின்பக்கம் சட்டென்று வெளியே போகிறது.

இதைக் கேட்டது எனக்கு மிகவும் சந்தோஷம். இதை யாரும் சொல்வதில்லை, உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் கூட. ஸ்னப்பருக்கு எஞ்சின் முறுக்கால் மூக்கு எழுகிறதா, மேட்டில் அச்சு மொத்தமும் எழுகிறதா என்று தெரியாது. வளைவின் நடுவில் மேடு வந்து ஸ்னப்பர் தகட்டைத் தொட்டால், அந்த நொடியில் பின் ஸ்பிரிங் பல மடங்கு விறைத்தது மாதிரி ஆகிறது. டயர் ரோட்டைத் தொடர முடியாமல் பிடியை விடுகிறது. அடியில் ஒரு கட்டை போய் முட்டியதுதான், நீங்கள் ஓட்டியதில் பிழை இல்லை.

உங்கள் மாதிரி ஓட்டுபவர்கள் இடைவெளியை ஒன்றரைக்குக் குறையாமல் வையுங்கள், மென்மையான ரப்பர் போடுங்கள். தாழ்த்திய கார் என்றால் குட்டையான கட்டை. இடமே இல்லையென்றால் ஸ்னப்பரைக் கழற்றிவிட்டு நல்ல ஸ்பிரிங், நல்ல ஷாக் அப்சார்பரோடு ஓட்டுங்கள். வளைவில் கார் நம் பேச்சைக் கேட்பதுதான் முக்கியம்.

கேள்வி (1967 கொரனெட்): போட்டுவிட்டேன், இன்னும் துள்ளுகிறது.

ஸ்னப்பரை மறந்துவிட்டு மற்றதைப் பாருங்கள். ஸ்பிரிங்கின் முன்முனைத் துளையில் (கண்ணில்) உள்ள ரப்பர் புஷ் பிய்ந்திருக்கும், அல்லது யூ போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ஷாக் செத்திருக்கும். காரைத் தாழ்த்த அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் கட்டை வைத்திருந்தால், அதுவே முறுக்குக்கு நெம்புகோல் நீளத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. ஸ்பிரிங் பட்டைகளை முன்பாதியில் கிளாம்ப் போட்டு இறுக்கி, பின்பாதியில் விட்டுவிடுவது இந்தக் கார்களில் பழைய வழக்கம், இன்றும் பலன் தருகிறது. நோய் உள்ள ஸ்பிரிங்கை ஸ்னப்பர் குணப்படுத்தாது.

கேள்வி (அதே கார்): பிரேக் பிடிக்கும்போதும் துள்ளுகிறதே?

பிரேக்கில் மூக்கு கீழே போகும். ஸ்னப்பர் அங்கே எதையும் தொடுவதே இல்லை. மேலே சொன்னவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: மஸ்டாங், கமேரோ கார்களுக்கு இது உண்டா?

அவர்கள் வேறு வழி போனார்கள். 1967 கமேரோவில் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங், துள்ளல் கடுமை. 1968-இல் ஒரு ஷாக்கை அச்சுக்கு முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்தார்கள், சக்தி கூடிய கார்களுக்குப் பல பட்டை ஸ்பிரிங் கொடுத்தார்கள். ஃபோர்டும் 428 கோப்ரா ஜெட் எஞ்சின் உள்ள நாலு ஸ்பீடு மஸ்டாங்கில் ஷாக்கை அப்படி முன்பின்னாக வைத்தது.

கேள்வி: 2010 சேலஞ்சருக்குப் போடலாமா, தம்பி?

வேண்டாம் அண்ணே. அதில் பின் சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷன். கிரௌன் வீல் கூடு சட்டத்தோடு புஷ் வழியாகப் பூட்டப்பட்டிருக்கிறது, மூக்கு எழ இடமே இல்லை.

கேள்வி (1971 டஸ்டர்): சரியாகப் பொருத்திவிட்டேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்னப்பரின் தலையைத் துடைத்துவிட்டு, வெள்ளைச் சுண்ணக்கட்டியால் அடர்த்தியாகத் தேயுங்கள். முதலில் வழக்கமான ரோட்டில் மெதுவாக ஒரு சுற்று, மேடு பள்ளம் எல்லாம் சேர்த்து. அடியில் விளக்கடித்துத் தகட்டைப் பாருங்கள். வெள்ளைத் தடம் இருக்கக் கூடாது. இருந்தால் அரைக்கால் அங்குலம் இறக்கி மறுபடி ஓட்டுங்கள். அப்புறம் டிராக்கில் ஒரு தடவை முழுசாக மிதித்துக் கிளம்பிவிட்டுப் பாருங்கள். இப்போது தடம் விழுந்திருக்க வேண்டும், முழு வட்டமாக. பிறை மாதிரி ஓரத்தில் மட்டும் விழுந்திருந்தால் கட்டை சாய்வாக முட்டுகிறது என்று பொருள். பிராக்கெட்டைத் தளர்த்தி நேராக உட்கார வைத்து, போல்ட்டை இறுக்கி, நூறு மைல் ஓடியதும் அதே போல்ட்டில் மறுபடி ஸ்பேனரைப் போட்டுப் பாருங்கள்.